விற்ற நெல்லும் விற்கவைத்த நெல்லும்: காவிரி டெல்டாவில் இரண்டு ஏக்கர் சாகுபடி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறு விவசாயி விளைத்த நெல்லில் எவ்வளவு சந்தைக்கு வரும் என்ற கேள்விக்கு வேளாண் பொருளாதாரப் பாடங்களில் ஒரு சுலபமான கழித்தல் கணக்கு உண்டு. விளைச்சலிலிருந்து வீட்டுச் சாப்பாட்டையும் விதைநெல்லையும் கூலியையும் குத்தகையையும் கழித்தால் மிஞ்சுவது உபரி. அந்த உபரி விற்பனைக்குப் போகும். நிலம் கூடினால் உபரி கூடும், வீட்டில் ஆள் கூடினால் குறையும். சந்தை தூரமாக இருந்தால் குறையும், விலை ஏறினால் கூடும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நெல் பயிரிடும் சிறு விவசாயிகளைப் பற்றி வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தக் காரணிகளைத்தான் ஒன்றன்பின் ஒன்றாக அளந்துபார்க்கின்றன.

காவிரி டெல்டாவில் இந்தக் கணக்கு மேலிருந்து கீழாக ஓடுவதில்லை. இங்கே இரண்டு ஏக்கர்க்காரர் முதலில் விற்றுவிடுகிறார். சாப்பாட்டுக்கு வேண்டியதைப் பிறகு ரேஷன் கடையிலோ மளிகைக் கடையிலோ வாங்கிக்கொள்கிறார். அவர் விற்கும் அளவு பெரிதாக இருப்பதைப் பார்த்து அவர் கையில் உபரி பெருகிவிட்டது என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறு என்பதைக் காட்டத்தான் இந்த ஆய்வு. நெல்லை வைத்துக்கொள்ள அவரிடம் களமும் இல்லை, கிடங்கும் இல்லை, கடன் கொடுத்தவர் தரும் அவகாசமும் இல்லை. அதனால் விற்கிறார்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இடையில் வரும் இரண்டு ஏக்கர் கணக்கு எந்தத் தனிக் குடும்பத்தினுடையதும் அல்ல. அரசு விலை உண்மை விலை. மற்ற எண்கள் இப்பகுதியில் வழக்கமாகக் காணும் அளவுகளை ஒட்டி, கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

நீரும் நாட்காட்டியும்

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படுவது மரபு. அந்தத் தேதியை நம்பித்தான் குறுவை. நூறு, நூற்றுப்பதினைந்து நாள் பயிர். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடைக்கு வரும். குறுவை போடாத நிலத்தில் ஆகஸ்டில் சம்பா தொடங்கும், பொங்கலை ஒட்டி அறுவடை. குறுவை அறுத்த நிலத்தில் அடுத்ததாகத் தாளடி.

இந்த நாட்காட்டியில் ஒரு பொல்லாத பொருத்தம் இருக்கிறது. குறுவைக் கதிர் சாயும் நேரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் ஒன்று. பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அணை பத்து நாள் தாமதமாகத் திறந்தால் அறுவடை பத்து நாள் மழைக்குள் தள்ளிப்போகிறது. எவ்வளவு நெல், எந்த விலைக்கு, யாரிடம் போகும் என்பதில் பாதி ஜூன் மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது.

அணை திறந்த தேதிகளைப் பார்த்தாலே இது புரியும். எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2020-ல் உரிய நாளில் திறந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் ஜூன் 12-ல் திறந்துவிட்டு, நீர் இருப்பு சரிந்ததால் அக்டோபர் 10-ல் மூடினார்கள். கடைமடையில் பயிர் காய்ந்தது, சம்பாப் பரப்பும் சுருங்கியது. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறப்பு. 2025-ல் மறுபடி ஜூன் 12. ஆறு ஆண்டுக்குள் இத்தனை ஏற்ற இறக்கம். விலையைப் பார்த்து விவசாயி சாகுபடிப் பரப்பைக் கூட்டுகிறார், குறைக்கிறார் என்று எழுதுகிறவர்கள் முதலில் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும்.

நில அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் (ஒருவர் சாகுபடி செய்யும் நிலத்தின்) சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. டெல்டாவில் இதை மாக்கணக்கில் சொல்வார்கள். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. வேலிக்கணக்கில் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

ஆறு மாவில் ஒரு குறுவை

மூன்று மா சொந்தம், மூன்று மா குத்தகை, ஆக ஆறு மா என்று வைத்துக்கொள்வோம். மாவுக்கு 60 கிலோ மூட்டையில் பதினொன்று கண்டுமுதல் (மொத்த விளைச்சல்). மொத்தம் 66 மூட்டை, அதாவது 3,960 கிலோ. மோசமான மேனி (விளைச்சல் அளவு) என்று சொல்ல முடியாது.

குத்தகைக்கு மாவுக்கு மூன்று மூட்டை வீதம் ஒன்பது போகிறது. வீட்டுக்கு நான்கு மூட்டை. குறுவை நெல்லை அதிகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அதில் பெரும்பகுதி குண்டு அரிசி. இட்லிக்கு ஆகும், சோற்றுக்குச் சம்பா நெல்தான் வேண்டும். மீதி 53 மூட்டை விற்பனைக்கு. ஏறக்குறைய எண்பது விழுக்காடு. இந்த எண்ணை மட்டும் ஓர் அட்டவணையில் போட்டால், சந்தையோடு நன்றாக ஒட்டி வாழும் விவசாயி என்று தெரியும்.

2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய் சேர்த்து 2,500. சன்ன ரகத்துக்கு 2,545. கணக்குப் போட வசதியான விலை: கிலோ 25 ரூபாய், அரசின் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை ஆயிரம் ரூபாய். நம்முடைய 53 மூட்டை என்பது 3,180 கிலோ. கொள்முதல் நிலையத்தில் போட்டால் 79,500 ரூபாய்.

ஆனால் அந்த 3,180 கிலோ என்பது 17 விழுக்காடு ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லின் எடை. அறுவடை இயந்திரத்திலிருந்து டிராக்டர் பெட்டிக்கு இறங்கும்போது அது 22 விழுக்காடு ஈரத்தில் இருந்திருந்தால் எடை சுமார் 3,384 கிலோ. வயலில் இருந்து கொள்முதல் நிலையத்தின் தராசுக்குப் போவதற்குள் 200 கிலோவுக்கு மேல் தண்ணீராகப் பறந்துவிடும். வரப்பிலேயே நிற்கும் வியாபாரி ஈர நெல்லை அப்படியே எடுக்கிறார். மழை மிரட்டும் வாரத்தில் அவர் 60 கிலோ மூட்டைக்கு 1,200 ரூபாய் கேட்கிறார் என்று கொள்வோம். ஐம்பத்தாறு மூட்டைக்குச் சற்று மேல் வரும். கைக்கு 67,700 ரூபாய் போல. வித்தியாசம் 12,000 ரூபாய்க்கும் குறைவுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குவிண்டாலுக்கு 500 ரூபாய் நட்டத்தில் விற்பதாகத் தோன்றும். எடையைச் சரிசெய்து பார்த்தால் இடைவெளி அந்த அளவுக்கு இல்லை. எஞ்சிய 12,000-க்குள் உலர்த்தும் ஆள்கூலி, படுதா வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, நிலையத்தில் காத்திருக்கும் நாட்கள் எல்லாம் அடங்க வேண்டும். மூட்டைக்கு 40 ரூபாய் போலக் கைக்காசு கேட்கிறார்கள் என்று விவசாயிகள் சங்கங்கள் குறைதீர் கூட்டங்களில் ஆண்டுதோறும் சொல்லிவருகின்றன. அதுவும் உண்டென்றால் நிலையத்தின் 40 கிலோ மூட்டைக் கணக்கில் எண்பது மூட்டைக்கு 3,200. இத்தனைக்கும் மேலே ஒரு மழை வந்தால் என்ன ஆகும் என்ற கவலை. வரப்பிலேயே விற்பவரை விவரம் தெரியாதவர் என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. அவர் போட்ட கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

பதினேழு விழுக்காடு

ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் அக்டோபர் மாதக் காலைப்பொழுது எப்படி இருக்கும்? தகரக் கொட்டகை, அல்லது கொட்டகைகூட இல்லாமல் ஒரு மேட்டுத் திடல். வரிசைவரிசையாக நெல் குவியல்கள், ஒவ்வொன்றின் மேலும் நீலமோ கருப்போ படுதா, ஓரங்களில் செங்கல். வெயில் தலைகாட்டியதும் படுதாவை உருவி, நெல்லைக் காலால் கிளறி விரித்துவிடுகிறார்கள். இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்களே அதிகம். நிலையப் பணியாளர் குவியலில் கைவிட்டு அடிநெல்லாக ஒரு பிடி எடுத்து, ஈரமானியில் போட்டு, முள்ளையோ எண்ணையோ பார்க்கிறார்.

"இருபது காட்டுகிறது அண்ணே. இன்றைக்கு நன்றாகக் காயவிட்டு நாளை கொண்டுவாருங்கள்."

"நேற்றும் இதைத்தானே தம்பி சொன்னீர்கள். ராத்திரி தூறல் போட்டுவிட்டதே, நான் என்ன செய்ய?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். விதி 17 விழுக்காடு. அதற்கு மேல் வாங்கினால் நெல் கிடங்கில் சூடேறி நிறம் மாறும், பொறுப்பு அந்தப் பணியாளர் தலையில் விழும். ஈரம் மட்டும் இல்லை. முளைத்த, நிறம் மாறிய, சேதமான மணிகள் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கருக்காயும் (முற்றாத மணியும்) சுருங்கிய மணியும் 3 விழுக்காடு வரைதான். மழையில் நான்கு நாள் கிடந்த குவியலின் அடியில் முளை கட்டிவிட்டால் இந்த 5 விழுக்காடு கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோகும்.

ஒவ்வொரு மழை ஆண்டிலும் மாநில அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு டெல்லிக்கு எழுதுகிறது. மத்தியக் குழு வருகிறது, மாதிரி எடுக்கிறது, ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. 2022 அக்டோபரில் 19 விழுக்காடு வரை வாங்க அனுமதி கிடைத்தது. அனுமதி வருவதற்குள் போய்விடும் நாட்கள்தான் விவசாயிக்கு முக்கியம். குறுவை அறுவடை மூன்று நான்கு வாரத்தில் முடிந்துவிடும் சங்கதி.

இந்தப் பதினேழை ஒட்டி ஒரு விஷயத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நெல்லை மாதக்கணக்கில் வீட்டிலோ கிடங்கிலோ வைத்திருக்க வேண்டுமென்றால் 14 விழுக்காட்டுக்குக் காய வேண்டும். பதினேழில் விற்கலாம், வைத்திருக்க முடியாது. நம்முடைய 3,180 கிலோவை 14-க்கு இறக்கினால் எடை 3,069 கிலோ ஆகும். 111 கிலோ போய்விட்டது. கிலோ 25 வீதம் 2,775 ரூபாய். கொள்முதல் விலையோ பதினேழுக்கும் பதினான்குக்கும் ஒன்றே. நன்றாகக் காயவைத்தவருக்குக் கூடுதலாக ஒரு பைசா கிடையாது, எடையில் நட்டம் வேறு. ஆகையால் சேமிக்கத்தக்க அளவுக்கு யாரும் காயவைப்பதில்லை. காயாததால் யாராலும் வைத்திருக்க முடிவதில்லை. எல்லோர் நெல்லும் ஒரே மூன்று வாரத்தில் ஒரே வாசலுக்கு வந்து நிற்கிறது. ஒரு நிலையத்தின் நாள் கொள்முதல் 800 முதல் 1,000 மூட்டை என்றால், நம்மைப் போன்ற ஆறு மாக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்தாலே அன்றைய வேலை முடிந்தது.

விலைக்கொள்கையை வகுத்தவர்கள் இப்படி நடக்க வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சந்தைக்கு வரும் நெல்லின் அளவையும் நேரத்தையும் இந்த ஒரு விதி தீர்மானிக்கிற அளவுக்கு விலை உயர்வு தீர்மானிப்பதில்லை என்பது என் கருத்து.

களம் போனது, கூலிநெல்லும் போனது

கையறுப்பு இருந்த காலத்தில் நெல் ஒரே நாளில் வீட்டுக்கு வராது. அறுத்து, அரியாகக் கிடந்து, கட்டாகக் களத்துக்கு வந்து, அடித்து, தூற்றி, பிறகுதான் மூட்டை. அந்த நாட்களில் ஈரத்தில் ஒரு பகுதி தானாகவே போய்விடும். இயந்திரம் ஓர் ஏக்கரை மணிக்கணக்கில் முடித்துவிடுகிறது. ஈர வயலில் இறங்க பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. அறுத்த நெல் பச்சையாக, சூடாக, மொத்தமாக வந்து விழுகிறது. கொட்டிவைக்கக் களம் கிடையாது. ஊர்ப் பொதுக்களங்கள் பல இடங்களில் வீடாகவோ சாலையாகவோ மாறிவிட்டன. தார்ச்சாலையில் ஒரு பக்கத்தை அடைத்து நெல் காயவைப்பது இதனால்தான்; அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் திட்டிக்கொண்டே போவார்கள்.

வீட்டுக்குள் நெல் சேமித்த பத்தாயமும் குதிரும் போனதைப் பற்றிப் பலரும் ஏக்கத்தோடு எழுதியாயிற்று. எனக்கு அதில் ஏக்கம் இல்லை. இந்த ஆய்வுக்கு முக்கியமானது வேறொன்று: நெல்லாகக் கொடுக்கப்பட்ட கூலி நின்றது.

அறுவடைக் கூலி, கண்டுமுதலில் ஒரு பங்கு நெல்லாக அளக்கப்பட்ட காலம் வெகுதொலைவில் இல்லை. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின்னாலிருந்த கூலிப் போராட்டமும் நெல் அளவையில்தான் பேசப்பட்டது. சலவைத் தொழிலாளிக்கும் முடிதிருத்துபவருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் களத்திலேயே நெல் போகும். அந்த நெல் யார் கணக்கிலும் 'சந்தை விற்பனை' ஆகாது. களத்திலிருந்து நேராகப் பலருடைய அடுப்புக்குப் போய்விடும்.

இன்று அந்தக் கூலி பணமாகிவிட்டது. அறுவடைக்குக் கூலியே இல்லை, இயந்திர வாடகைதான். அன்று கூலியாகப் பிரிந்துபோன மூட்டைகள் இன்று விவசாயியின் கையில் நிற்கின்றன. அவற்றை விற்றுத்தான் இயந்திரத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். சந்தைக்கு வரும் பங்கு உயர்ந்துவிட்டது. உயர்ந்ததில் ஒரு பகுதி விளைச்சல் கூடியதால் வந்தது அல்ல; முன்பு சந்தையைத் தொடாமல் போய்க்கொண்டிருந்த நெல் இப்போது சந்தை வழியாகச் சுற்றிப் போகிறது. விவசாயத் தொழிலாளி தன் அரிசியை ரேஷன் கடையில் வாங்குகிறார். அந்த அரிசி அதே மாவட்டத்துக் கொள்முதல் நிலையத்திலிருந்து அரவைக்குப் போய்வந்ததாகக்கூட இருக்கலாம். முப்பது நாற்பது ஆண்டு விற்பனைப் பங்கை வரிசையாக வைத்து 'வணிகமயமாதல்' என்று தலைப்பிடும்போது இதைக் கழித்துவிட்டுப் பேச வேண்டும்.

கடனுக்கு ஒரு தேதி உண்டு

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டி கிடையாது. நல்ல திட்டம்தான். ஆனால் சங்கக் கடன் செலவு முழுவதுக்கும் போதாது. நடவுக்கு நகை அடகு, உரக்கடையில் பாக்கி, இயந்திரத்துக்கு உடனடிப் பணம். குறுவை அறுத்த கையோடு தாளடிக்கு உழவு ஓட்ட வேண்டும், நடுவில் தீபாவளி. இத்தனை தேதிகளும் அக்டோபரில் வந்து மோதுகின்றன. கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் வங்கிக் கணக்குக்கு வரச் சில நாட்களாகும். அந்தச் சில நாட்களின் விலை ஒருவருக்கு ஒன்றுமில்லை, இன்னொருவருக்குத் தாளடி நாற்று முற்றிப்போகும் அளவுக்குப் பெரிது.

வீட்டில் ஒருவர் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ சம்பாதித்து மாதம் பணம் அனுப்புகிறார் என்றால் நிலைமை வேறு. அந்த வீட்டு நெல் காத்திருக்கும். நில அளவு ஒன்று, மேனி ஒன்று, ரகம் ஒன்று, ஆனால் விற்கும் வாரம் வேறு, விலை வேறு. படிப்பு, வயது, குடும்ப அளவு ஆகியவற்றைவிட வயலுக்கு வெளியே வரும் வருமானம்தான் இங்கே ஆளுக்கு ஆள் வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று நினைக்கிறேன்.

அடங்கல் யார் பெயரில்

கொள்முதல் நிலையத்தில் நெல் போட சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்ற பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். இணையத்தில் பதிவு செய்து கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்க வேண்டும். சொந்த நிலத்துக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. குத்தகை நிலத்துக்கு இருக்கிறது.

டெல்டாவில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தமான நஞ்சை ஏராளம். ஊரில் இல்லாத நிலக்காரர்களின் நிலமும் ஏராளம். 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும் குத்தகையை விளைச்சலில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துகின்றன. குத்தகைதாரர் பெயரைப் பதிவுசெய்ய 1969-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் புதிய குத்தகைகள் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். பதிவு செய்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் நிலக்காரர் எழுதிக்கொடுப்பதில்லை. அடங்கலில் பெயர் இல்லாதவரின் நெல் கொள்முதல் நிலையத்தில் யாரோ ஒருவர் பெயரில்தான் போக வேண்டும். உறவுக்காரர் பெயரில் போகும், நிலக்காரர் பெயரிலேயே போகும், சில நேரம் வியாபாரி ஏற்பாடு செய்த பெயரிலும் போகும். பணமும் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

நம் ஆறு மாக்காரரின் நெல்லில் பாதி இப்படிப்பட்டது. குத்தகை நெல் ஒன்பது மூட்டையும் கடைசியில் சந்தைக்குத்தான் போகிறது, நிலக்காரர் விற்கிறார். ஆக, 'சிறு விவசாயி விற்ற அளவு' என்று கொள்முதல் பதிவேட்டிலிருந்து எடுக்கும் எந்த எண்ணிலும் யார் விளைத்தது, யார் விற்றது என்பது கலங்கித்தான் இருக்கும்.

ரகமும் 2024-ஆம் ஆண்டின் பாடமும்

எந்த நெல்லை விதைக்கிறோம் என்பதே யாருக்கு விற்கப்போகிறோம் என்பதைச் சொல்லிவிடும். சி.ஆர். 1009 நீண்டகாலக் குண்டு நெல். அதன் சப்-1 வகை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும் என்பதால் வடிகால் மோசமான தாழ்நிலங்களில் அதைவிட்டால் வேறு வழியில்லை. அதை வாங்க அரசு இருக்கிறது, தனியார் ஆர்வம் குறைவு. பி.பி.டி. 5204, வெள்ளைப் பொன்னி போன்ற சன்ன ரகங்களுக்கு 2025-26-ல் அரசு தந்தது பொது ரகத்தைவிடக் குவிண்டாலுக்கு 45 ரூபாய்தான் கூடுதல். அவற்றைச் சாப்பாட்டு அரிசியாகப் பார்த்து விலை சொல்பவர் தனியார் வியாபாரி. வடிகால் நன்றாக உள்ள மேட்டு வயல்காரருக்கு இரண்டு சந்தை, தாழ்வயல்காரருக்கு ஒன்று. வாய்க்காலின் எந்தப் பக்கம் வயல் இருக்கிறது என்பது விற்பனைக் காரணிகளில் சேர்க்கப்பட வேண்டிய ஒன்று.

2023-24 பருவத்தில் இது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதல் சுமார் 44 லட்சம் டன். 2023-24-ல் அது சுமார் 35 லட்சம் டன்னாக இறங்கியது. ஒரு காரணம், மேலே சொன்ன நீர்ப் பற்றாக்குறை. இன்னொன்று, 2024 தொடக்கத்தில் சம்பா அறுவடையின்போது அரிசி விலை ஏறியிருந்ததால் தனியார் வியாபாரிகள் அரசு விலைக்கு மேலே கொடுத்து வயலிலேயே சன்ன நெல்லை எடுத்துக்கொண்டார்கள். பல நிலையங்களில் வரத்து மெலிந்தது. கொள்முதல் எண்ணை மட்டும் பார்த்தால் விவசாயி சந்தைக்கு அனுப்பியது குறைந்ததாகத் தோன்றும். விற்பனை நடந்தது, வேறு வாசலில் நடந்தது.

அந்த வேறு வாசல் எப்போதும் திறந்திருந்ததும் இல்லை. 1982-ல் வந்த நெல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஆணை தஞ்சை மாவட்டத்தையும் அதை ஒட்டிய சில வட்டங்களையும் சுற்றி வேலி போட்டது. அங்கே விளைந்த நெல் வெளியே போகக்கூடாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1985-ல் ஆணை செல்லும் என்று தீர்ப்பானது. அன்றைய டெல்டா விவசாயி அரசு வாங்கவில்லையே என்று குறைப்படவில்லை, வெளியூர் வியாபாரிக்கு விற்க முடியவில்லையே என்று குறைப்பட்டார்.

2025 அக்டோபரில் நிலைமை மறுபக்கம் புரண்டது. உரிய நாளில் நீர், நல்ல குறுவை, சீக்கிரமே வந்த மழை. நிலையங்களில் மூட்டைகள் தேங்கின, குவியல்கள் முளைவிட்டன. அரிசியில் கலக்க வேண்டிய செறிவூட்டப்பட்ட அரிசி மணிகளுக்கு மத்திய அரசின் ஒப்புதல் தாமதமானதால் அரவை நின்று கிடங்கு காலியாகவில்லை என்று மாநில அரசு காரணம் சொன்னது. எதிர்க்கட்சிகள் முன்னேற்பாடு இல்லை என்றன. அரசியல் வழக்கை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் சங்கிலி தெளிவாகத் தெரிகிறது. அரவை நின்றால் கிடங்கு நிறையும், கிடங்கு நிறைந்தால் லாரி வராது, லாரி வராவிட்டால் எடைபோடுவது நிற்கும், எடைபோடுவது நின்ற அன்றே வரப்பில் வியாபாரி சொல்லும் விலை இறங்கும்.

ரேஷன் அரிசி

2011 ஜூன் 1 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 600 கிலோ அரிசி வேண்டும் என்றால், அது சுமார் 900 கிலோ நெல், பதினைந்து மூட்டை. ரேஷனில் மாதம் 20 கிலோ கிடைத்தால் ஆண்டுக்கு 240 கிலோ அரிசி. அதையும் சமைத்தால் வீட்டுக்காக ஒதுக்க வேண்டிய நெல்லில் ஆறு மூட்டை குறையும். காகிதத்தில் இந்த ஆறும் விற்பனைக்குச் சேரும்.

நடப்பில் சில வீடுகளில் ரேஷன் அரிசி இட்லி மாவுக்கும் மாட்டுக்கும் போகிறது, சோற்றுக்குச் சொந்தப் பொன்னி. சில வீடுகளில் நேர்மாறு: சொந்தப் பொன்னி மொத்தமும் விற்றாகிவிட்டது, உலையில் ரேஷன் அரிசி. இரண்டாவது வகை வீடு அட்டவணையில் அதிகம் விற்ற வீடு.

அளக்க வேண்டியவை

டெல்டாவில் நெல் விற்பனை பற்றி இனி ஆய்வு செய்யப் போகிறவர்கள் எத்தனை மூட்டை விற்றீர்கள் என்பதோடு நிறுத்தாமல், அறுத்த நாளுக்கும் விற்ற நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்றும், விற்றபோது ஈரம் எவ்வளவு என்றும், அடுத்த அறுவடைக்குள் எத்தனை கிலோ அரிசி விலைக்கு வாங்கினீர்கள் என்றும் கேட்க வேண்டும். விற்றதிலிருந்து வாங்கியதைக் கழித்த நிகர அளவு தெரியாமல் நிலவுடைமை, குடும்ப அளவு, தொலைவு ஆகியவற்றை எத்தனை சூத்திரத்தில் போட்டாலும் விடை சரியாக வராது.

கொள்கை வகுப்பவர்களிடம் கேட்பதற்கும் சில உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் விளைபொருளை வைத்து அதன் மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் பெறும் வசதி ஏற்கனவே இருக்கிறது. 180 நாள் வரை வைத்திருக்கலாம். ஆறு மாக்காரர் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்த வேண்டுமென்றால் நெல் 14-க்குக் காய வேண்டும், விற்பனைக்கூடம் வரை வண்டி வாடகை கொடுக்க வேண்டும், அங்கே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். மழைக்காலக் குறுவைக்கு வெயிலை நம்ப முடியாது, உலர்த்தும் இயந்திரம் வேண்டும். கொள்முதல் நிலையத்திலேயே நடமாடும் உலர்த்தியை நிறுத்தி, டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால்கூட ஏற்கனவே பார்த்த 12,000 ரூபாய் இடைவெளிக்குள் அது அடங்கிவிட வாய்ப்பு உண்டு.

அதைவிடச் செலவு குறைந்தது ஈரப்பதத்துக்கு ஏற்ற விலை. பதினேழுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் எடை இழப்பை ஈடுகட்டும் தொகை, நம் கணக்கில் குவிண்டாலுக்கு 30 ரூபாய் போல. பதினேழில் 2,500 என்றால் பதினான்கில் 2,590. இதைக் கொடுத்தால் காயவைக்க இடம் உள்ளவர் காயவைத்துப் பத்து நாள் கழித்து வருவார், இடம் இல்லாதவருக்கு வரிசையில் முன்னிடம் கிடைக்கும். காய்ந்த நெல்லுக்கு அரவை ஆலையிலும் கிடங்கிலும் சேதம் குறையும் என்பதால் அரசுக்கு இந்தத் தொகையில் ஒரு பகுதியாவது திரும்பிவரும். சம்பா அறுவடை முடிந்து வெயில் ஏறும் மார்ச் மாதத்தில் சில நிலையங்களில் மட்டும் இதை ஒரு பருவம் செய்துபார்க்கலாம். அக்டோபரில் தொடங்கினால் மழைதான் முடிவைச் சொல்லும்.